லாரியில் களி கிண்டிய மாமா

எங்கள் சின்ன மாமாவுக்கு வயிற்றில் புண். லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது அதிசயமில்லை. பதினைந்து வருடம் கிடைத்த நேரத்தில் கிடைத்ததைத் தின்றவரின் வயிறு எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துக்கொள்ளும்? தர்மபுரியில் ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, காரம் ஆகாது, ஓட்டல் சாப்பாடு ஆகவே ஆகாது, வேளாவேளைக்கு வீட்டுச் சாப்பாடுதான் என்று சொல்லி அனுப்பினார். மாம்பழ லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குப் போகிறவர் வேளாவேளைக்கு வீட்டுச் சாப்பாட்டுக்கு எங்கே போவார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

என் அம்மாவுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன்தான் பெரிய மாமா, காரிமங்கலத்தில் இருந்தார், லாரி அவருடையது. தம்பி சின்ன மாமா. அந்த லாரியை ஓட்டுகிறவர். வண்டி யாருடையது என்பதில் குடும்பத்தில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. பெரிய மாமா வர விட்டதில்லை.

சின்ன மாமாவுக்குத் துணையாகத் தானே லாரியில் போய்ச் சமைத்துப் போடுவதாக முதலில் சொன்னது சின்ன அத்தைதான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டார். பெரிய மாமா இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. பெண்பிள்ளை லாரியில் ஊர் ஊராகப் போவதா என்று பெரிய அத்தை அவருக்கும் சேர்த்துப் பேசினார். கடைசியில் என் அம்மா நடுவில் புகுந்து, தம்பியின் வயிறு முக்கியமா, ஊர் வாய் முக்கியமா என்று சண்டை போட்டதில் அனுமதி கிடைத்தது. சமையலுக்கு மட்டும் என்று பெரிய மாமா அழுத்திச் சொன்னார்.

சாலையோரம் நிறுத்தி அடுப்பு மூட்டினால் வேளைக்கு ஒன்றரை மணி நேரம் போய்விடும். மாம்பழம் அதுவரை காத்திருக்காது. அதனால் காரிமங்கலத்தில் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் பாய் ஒருவர், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். லாரி பேட்டரியின் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றித் தரும் பெட்டி அது. அதில் ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கர் வேலை செய்யும். மிக்ஸியும் வேலை செய்யும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பெட்டி கீச்சுக்கீச்சென்று கத்தி நின்றுவிடும்.

“இஞ்சின் ஓடறப்ப மட்டும் போடுங்க. நிறுத்திட்டுப் போட்டீங்கன்னா பேட்டரி படுத்துக்கும். அப்பறம் வண்டி கெளம்பாது” என்று பாய் அவர்களிடம் மூன்று முறை சொன்னாராம். குக்கர் உருண்டு விழாமல் இருக்கப் பலகையில் ஒரு தொட்டில் மாதிரி அடித்து, கிளீனர் உட்காரும் இடத்துக்குக் கீழே அதையும் அவரே முடுக்கிக் கொடுத்தார்.

அவர்கள் அப்படிப் போகத் தொடங்கியதற்கு மறு வருடம், நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை. லாரியில் சமைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் போக வேண்டும் என்று ஒரு வாரம் அழுதேன். அத்தை கூட இருக்கிறாளே என்று அம்மா சம்மதித்தார். அதியமான்கோட்டையிலிருந்து அப்பா என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போய்க் காரிமங்கலத்தில் லாரியில் ஏற்றிவிட்டார். பெரிய மாமா சக்கரங்களைச் சுற்றி வந்து, தார்ப்பாயை இழுத்துப் பார்த்து, டீசல் அளவைக் குறித்துக்கொண்டு, “புள்ளய பத்தரமாப் பாத்துக்குங்க” என்று சொல்லி அனுப்பினார்.

பெங்களூரைத் தாண்டும் வரை மாமாதான் ஓட்டினார். அதற்கப்புறம் வந்த சுங்கச்சாவடியையும் கடந்து கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரம் கட்டினார். அத்தை சுடிதாருக்கு மேல் மாமாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டினார். ஒருவர் இறங்கி அந்தப் பக்கமாகவும், ஒருவர் இந்தப் பக்கமாகவும் ஏறினார்கள். ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். அத்தை சாவியைத் திருப்பினார், கண்ணாடியைச் சரிசெய்தார், கியரைப் போட்டார். லாரி கிளம்பிவிட்டது.

எனக்கு வாயே மூடவில்லை. மாமா கீழே உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல ராகி மாவுப் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். முதல் தடவை போனபோது அத்தைதான் சமைக்க உட்கார்ந்திருக்கிறார். ஓடுகிற வண்டியில் குனிந்து பாத்திரத்தைப் பார்த்ததும் தலை சுற்றி, ஓசூர் போவதற்குள் நான்கு தடவை வாந்தி. வண்டியை நிறுத்திவிட்டுச் சமைக்கலாம் என்றால் பேட்டரி படுத்துவிடும். நிறுத்தி, இஞ்சினை மட்டும் ஓட விட்டால் டீசல் போகும். பெரிய மாமா கேள்வி கேட்பார். இரண்டாம் நாள் பட்டினியாக உட்கார்ந்திருந்தபோது அத்தை ஒன்று சொல்லியிருக்கிறார். கம்பைநல்லூரில் அவர் அப்பாவுக்கு டிராக்டர் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வயலில் உழவு ஓட்டியவர் அவர்.

“நிமிந்து ரோட்டப் பாத்துட்டு இருந்தா எனக்கு ஒண்ணும் பண்றதில்லீங்க. குனிஞ்சாத்தான் கொமட்டுது.”

“அப்ப நீ நிமிந்துக்க. நான் குனிஞ்சுக்கறேன்” என்றாராம் மாமா.

இதை மாமா என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தபோது அத்தை சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “ஆமா, பெருமைதான்” என்றார். ஆனால் அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது.

மாமாவுக்குச் சமையல் இவ்வளவு நன்றாக வரும் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. குக்கரில் தண்ணீர் கொதித்ததும் அரிசி நொய்யைப் போட்டு வேகவிட்டு, மாவைக் கொட்டி மூடி, பிறகு வயரைப் பிடுங்கிப் பாத்திரத்தை வெளியே எடுப்பார். அதைத் துணி சுற்றி இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் கிண்டுவார். லாரி போகும் வேகத்துக்கும் அவர் கை சுற்றும் வேகத்துக்கும் ஏதோ கணக்கு இருப்பதுபோலத் தோன்றும். மேலிருந்து அத்தை சொல்லிக்கொண்டே வருவார்.

“பள்ளம் வருதுங்க.”

மாமா பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். பள்ளம் போனதும் இறக்கி வைப்பார்.

“இப்ப நேர் ரோடு. கிண்டிக்குங்க.”

வீட்டிலேயே அரைவேக்காடாக அவித்துக் கொண்டுவந்த கொள்ளை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கடைசல் வைப்பார். அதில் மிளகாய் இருக்காது, சீரகமும் பூண்டும்தான். அத்தைக்கு மட்டும் ஒரு டப்பாவில் ஊறுகாய். மரத்தடியில் பத்து நிமிடம் நிறுத்திச் சாப்பிடுவோம். மாமா கை நனைத்து உருட்டிய களியை முதலில் அத்தை தட்டில் வைப்பார், “ஓட்டற ஆளுக்கு முதல்ல” என்று. பின்பக்கத்திலிருந்து மாம்பழ வாசனை வந்துகொண்டே இருக்கும். அந்தச் சாப்பாட்டைப்போல் அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை என்று சொன்னால் மிகை என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சுங்கச்சாவடி வரப்போகிறது என்று பலகை தெரிந்தால் சொல்ல வேண்டும். இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். காக்கிச் சட்டை கழன்று மாமாவிடம் போகும். கடந்ததும் மறுபடி மாற்றம். ஊர் நெருக்கடி, திருப்பம், இருட்டு இவற்றிலெல்லாம் மாமாதான். பகலில், நேர்ச் சாலையில், சமைக்கிற நேரத்தில் மட்டும் அத்தை.

அது தப்புதான். லைசென்ஸ் இல்லாமல் அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டியது, கொதிக்கிற பாத்திரத்தைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டது எல்லாமே தப்பு. இன்று யாராவது அப்படிச் செய்வதாகக் கேள்விப்பட்டால் நானே திட்டுவேன். ஆனால் அந்த நான்கு நாட்களில் மாமா ஒரு தடவைகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இவ்வளவு சிரித்ததை நான் எங்கள் வீட்டிலோ, பெரிய மாமா வீட்டிலோ பார்த்ததும் இல்லை.

திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி நெருங்கியதும் மாமா என்னைப் பார்த்து, “பாப்பா, அத்தை ஓட்டறது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும், செரியா? வூட்ல யாருகிட்டயும்...” என்று ஆரம்பித்தார்.

“கொழந்தகிட்டப் போயி சத்தியம் வாங்கறீங்களாக்கும்?” என்று அத்தை தடுத்தார். “அவளுக்குத் தெரியாதா? வுடுங்க.”

நான் தலையாட்டினேன். யாரும் என்னிடம் சத்தியம் வாங்கவில்லையே என்று பின்னால் பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அத்தை சொன்னது உண்மை. எனக்குத் தெரிந்திருந்தது.

வைகாசிக் கடைசியில் பெரிய மாமா காரிமங்கலத்தில் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வந்தது. சொந்தபந்தம் எல்லாம் கூடிவிட்டது. வாசலில் லாரியையும் கழுவி மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். பெரிய மாமாவின் மகளுக்கு என் வயதுதான். புது வீட்டில் அவளுக்குத் தனி அறை. காலையிலிருந்து அதைத் திறந்து திறந்து மூடி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் காட்ட ஒன்றும் இல்லை.

பந்திக்கு முன்பு கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சின்ன அத்தை பின்கட்டில் இலை கழுவிக்கொண்டிருந்தார். பேச்சு அவரைப் பற்றித் திரும்பியது. பெரிய அத்தைதான் ஆரம்பித்தார்.

“என்ன பொழப்பு அது. லாரிக்குள்ள உக்காந்துட்டு அடுப்பு வேலை. ஆம்பளைங்க பாக்கற எடத்துல பாத்திரங் கழுவிட்டு. பாவம், அவளுக்கு வாச்சது அப்பிடி.”

சுற்றியிருந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. என் அத்தையைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்லக்கூடாது. அந்த நேரத்தில் எனக்கு அது மட்டும்தான் தோன்றியது.

“அத்தை சமைக்கறதே இல்லீங்க. மாமாதான் களி கிண்டுவாங்க. அத்தை லாரி ஓட்டுவாங்க.”

கூடம் முழுக்கச் சிரித்தது. யாரும் நம்பவில்லை. ‘புள்ள நல்லாக் கதை கட்டுது’ என்றார் ஒருவர். அங்கேயே நிறுத்தியிருந்தால் அது ஒரு குழந்தையின் உளறலாகப் போயிருக்கும். சின்ன மாமாகூட வாசற்படியில் நின்று சிரிக்கப் பார்த்தார். அவர் கண் என்னைக் கெஞ்சியது எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தத் தனி அறைக்காரி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றுகொண்டேன். பெங்களூர் தாண்டி எந்த இடத்தில் இடம் மாறுவார்கள், அத்தை எப்படிக் காக்கிச் சட்டை போட்டுத் துண்டு கட்டுவார், எந்தக் காலால் கிளட்ச் மிதித்து எப்படிக் கியர் மாற்றுவார், சுங்கச்சாவடியை நான் எப்படிக் கண்டுபிடித்துச் சொல்வேன் என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினேன். முதலில் சொன்னது அத்தைக்காக. இதெல்லாம் எனக்காக.

சிரிப்பு ஒவ்வொரு மூலையாக அடங்கியது. பெரிய மாமா எழுந்து வெளியே போனார். சின்ன மாமா பின்னால் போனார். ஜன்னல் வழியாக லாரிக்குப் பக்கத்தில் அவர்கள் நிற்பது தெரிந்தது, பேச்சும் கேட்டது. பெரிய மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

“எவன் மேலயாவது ஏத்திருந்தா யாருடா ஜெயிலுக்குப் போறது? வண்டி ஆரு பேர்ல இருக்குது?”

சின்ன மாமா லாரியில் தொங்கிய மாலையைச் சரிசெய்தார்.

“பொண்டாட்டிய ஓட்ட வுட்டுட்டு நீ களி கிண்டறியா? இன்னிக்கு வந்த அத்தன பேரும் இதத்தான்டா பேசிட்டுப் போவாங்க. என் வூட்டுக் கிரகப்பிரவேசத்தயா பேசுவாங்க?”

அவர் முதலில் கேட்டது நியாயமான கேள்வி. பின்னால் கேட்டதற்குத்தான் குரல் உடைந்தது. கையை நீட்டினார். சின்ன மாமா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

பந்தியில் சின்ன அத்தைதான் எனக்குப் பரிமாறினார். அதற்குள் யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. வழக்கம்போல எனக்குப் பாயசம் இரண்டு கரண்டி ஊற்றினார். அவர் என்னைத் திட்டாதது எனக்குத் தைரியமாக இருந்தது.

“நான் நெசத்தத்தானுங்களே அத்தை சொன்னேன்?” என்று கேட்டேன்.

“ஆமா பாப்பா. நெசத்தத்தான் சொன்ன. சாப்புடு.”

ஒரு வாரம் கழித்துச் சாவி சின்ன மாமாவிடம் திரும்பி வந்தது. ஓட்டுவதற்கு வேறு ஆள் பெரிய மாமாவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கூடப் போக ஒரு கிளீனரைப் போட்டார். இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டார்கள். அத்தை வீட்டில் உட்கார்ந்தார். எலக்ட்ரிக் குக்கரை இனி என்ன செய்வது என்று எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். எட்டாவது வரை நான் பள்ளிக்குக் கொண்டுபோன சோறு அதில் வெந்ததுதான். அம்மா அதை மெச்சிக்கொண்டே இருப்பார்.

மாமாவுக்கு அத்தை முதல் நாளைக்குக் கட்டிக் கொடுப்பார். இரண்டாம் நாளிலிருந்து சாலையோர ஓட்டல்தான். இரண்டு வருடம் தாக்குப்பிடித்தார். ஒருநாள் ஐதராபாத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தார். மொழி தெரியாத ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து, பிறகு சேலத்துக்குக் கொண்டுவந்து, இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்தார்கள். அதற்கப்புறம் அவர் லாரி ஏறவில்லை. இப்போது ஒரு மாங்கூழ் ஆலையில் எடைமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற லாரிகளின் எண்களை எழுதுகிறார். கைப்பிடிச் சோற்றை ஒரு நாளைக்கு ஆறு தடவையாகப் பிரித்துச் சாப்பிடுகிறார். என்னைப் பார்த்தால் இன்றும் முகம் மலரும். அதுதான் எனக்குக் கஷ்டம்.

இவ்வளவையும் நான் என் கணக்கில் சேர்த்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் அதில் ஒன்று விட்டுப்போயிருந்தது போன வருடம்தான் தெரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு கார் ஓட்டப் பழகலாம் என்று தர்மபுரியில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால் சின்ன அத்தையைக் கூப்பிட்டேன். முதலில் வரவில்லை என்றார். நான் வற்புறுத்தியதும் வந்தார். உள்ளே மேசையில் உட்கார்ந்திருந்த வயதானவர் என்னிடம் பேசிக்கொண்டே அத்தையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“அம்மா, நீங்க கம்பைநல்லூர் பக்கந்தானுங்களே? லாரி ஓட்ட ஹெவி லைசென்ஸ் கேட்டு வந்தீங்க இல்ல?”

அத்தை கதவுப் பக்கம் பார்த்தார்.

“இத்தன வருசத்துல ஹெவிக்குன்னு என்கிட்ட வந்த ஒரே பொம்பள நீங்கதான், மறப்பனா? கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருசம் ஆகணும்னு சொன்னேன். ஆடில ஆயிடும், டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கி வைங்கன்னு போட்டோ எல்லாங் குடுத்துட்டுப் போனீங்க. அப்பறம் வரவே இல்லீங்களே?”

“வர முடியலீங்க” என்றார் அத்தை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அத்தை கார் லைசென்ஸ் வைத்திருந்ததே எங்களில் யாருக்கும் தெரியாது. தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் அந்த நாட்களில் தர்மபுரிக்கு வந்து போயிருக்கிறார். எந்த வருடத்து ஆடி என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

“அந்த வருசந்தான்” என்றார். “லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் ஒகேனக்கல் போவோமில்ல, அங்க வெச்சு பெரியவருகிட்டச் சொல்லிடலாம்னு இருந்தோம். நான்தான் ஓட்டிட்டு வந்து எறங்கணும்னு உங்க மாமாவுக்கு ஆசை. ஏழு வாரந்தான் இருந்துச்சு.” பஸ் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “வுடு, அதயெல்லாம் ஏன் இப்ப.”

பஸ் வந்தது. எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஏதோ ஒரு திருட்டுத்தனத்தை மறைக்கிறார்கள் என்றுதான் பத்து வயதில் நான் நினைத்திருந்தேன். அவர்கள் வைத்திருந்தது ஒரு நல்ல சேதி. அதைச் சொல்வதற்கு ஒரு நாளையும் குறித்து வைத்திருந்தார்கள். காலமெல்லாம் நான் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஏழு வாரம் போதுமாக இருந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அத்தனை பேர் சிரிக்கும்போது அந்தக் கூடத்தின் நடுவில் நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேனா என்பது எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.